பென்னிகுவிக்: அணையைக் கட்டியவரைத் தெரியும்... அணைக்கு இடம் கொடுத்த பத்திரத்தைத் தெரியுமா?

தேனி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினால் முகப்பில் இருப்பது ஒரு வெள்ளைக்காரரின் பெயர். அப்படியே கம்பம், கூடலூர் பக்கம் போனால் கடைகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மீசை வைத்த ஒரு துரையின் படம் மாட்டியிருக்கும். ஜனவரி 15 வந்தால் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைப்பார்கள். பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்த வீடுகளும் இந்தப் பக்கம் உண்டு.

கர்னல் ஜான் பென்னிகுவிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர். இது எல்லோருக்கும் தெரியும்.

ஆனா அவர் தடுத்தது அடுத்த ராஜ்ஜியத்து ஆறு. அன்றைக்குப் பெரியாறு ஓடியது திருவிதாங்கூர் மன்னரின் மண்ணில். தண்ணீர் தேவைப்பட்டது மதராஸ் மாகாணத்தின் மதுரை ஜில்லாவுக்கு. இன்னொருத்தர் நிலத்தில் போய் ஆற்றை மறிக்க யார் அனுமதி கொடுத்தது? எத்தனை வருஷத்துக்கு? என்ன வேலைக்கு மட்டும்? இந்தக் கேள்விகளுக்கு அணையின் சுவரில் பதில் இல்லை. 1886-ல் எழுதிய ஒரு குத்தகைப் பத்திரத்தில் இருக்கு. அதில் பென்னிகுவிக்கின் கையெழுத்து கிடையாது. ஆனாலும் அவர் பேர் சொல்லும் வேலை முழுக்க அந்தக் காகிதத்தின் மேல்தான் நிற்கிறது.

யார் இந்த பென்னிகுவிக்?

1841 ஜனவரி 15. புனேயில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் படையில் பெரிய அதிகாரி. ஜானுக்கு எட்டு வயது ஆக இரண்டே நாள் இருந்தபோது, 1849 ஜனவரி 13-ல், பஞ்சாபில் சில்லியன்வாலா போர் நடந்தது. அன்று ஒரே நாளில் அப்பாவும் போனார், 17 வயது அண்ணன் அலெக்சாண்டரும் போனார். விழுந்து கிடந்த அப்பாவின் உடலைக் காத்து நின்றபோதுதான் அண்ணன் கொல்லப்பட்டார் என்று சொல்வார்கள்.

இதற்குப் பிறகும் அந்தக் குடும்பம் பையனைப் படைப் பக்கமே அனுப்பியது. இங்கிலாந்தில் செல்டன்ஹாம் பள்ளி, பிறகு அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரி. 1858-ல் மதராஸ் இன்ஜினியர்ஸ் பிரிவில் இடம் கிடைத்தது. 1860-ல் இந்தியா வந்தார். நடுவில் 1868-ல் அபிசீனியப் படையெடுப்புக்குப் போனதைத் தவிர, அவருடைய உத்தியோக வாழ்க்கை பெரும்பாலும் மதராஸ் மாகாணத்துப் பொதுப்பணித் துறையில்தான் கழிந்தது.

அவர் வந்து இறங்கிய மெட்ராஸில் ஒரு விசித்திரமான கட்டடம் இருந்தது. கடற்கரையில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கிற அதே ஐஸ் ஹவுஸ். அமெரிக்க வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் 1842-ல் கட்டியது. மாசசூசெட்ஸ் பக்கம் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பாளம் பாளமாக வெட்டிய ஐஸ், மரத்தூளுக்குள் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து இங்கே வரும். துரைமார்களுக்கு விற்பனையாகும்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கு. தண்ணீரை வைத்து வியாபாரம் என்று வந்ததுமே, அது யாருடைய தண்ணீர் என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. பென்னிகுவிக் பிறந்த அதே 1841-ல், டியூடர் ஐஸ் வெட்டிய ஃப்ரெஷ் பாண்ட் என்ற ஏரியில், கரையில் நிலம் வைத்திருந்தவர்கள் சண்டையைத் தீர்க்க ஒரு வரைபடம் போட்டார்கள். யாருக்குக் கரை எவ்வளவு நீளமோ, அதற்கு ஏற்ப ஏரிக்குள் கோடு இழுத்து ஐஸைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். வயல் வரப்பு மாதிரி, தண்ணீருக்குள் வரப்பு!

ஓடையை யார் வேண்டுமானாலும் மறிக்கலாமா?

நம்ம ஊர்ச் சட்டம் என்ன சொன்னது? 1882-ல் இந்திய வசதியுரிமைச் சட்டம் வந்தது. வழிநடைப் பாதை, காற்று, வெளிச்சம், தண்ணீர் போன்ற உரிமைகளைப் பற்றிய சட்டம் இது. எடுத்த எடுப்பிலேயே இது அமலான பகுதிகளில் மதராஸ் மாகாணமும் ஒன்று. இன்றும் அமலில் இருக்கு.

இயற்கையாக ஓடும் ஓடையின் கரையில் உங்களுக்கு நிலம் இருந்தால், குடிக்க, வீட்டுக்கு, மாட்டுக்கு என்று அந்தத் தண்ணீரை எடுக்கலாம். அந்த நிலத்துக்குப் பாய்ச்சலாம். அதில் ஒரு ஆலை இருந்தால் அதற்கும் பயன்படுத்தலாம். ஆனா ஒரு நிபந்தனை. கீழே இருக்கிற கரைக்காரருக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடாது. இன்னொன்று, ஆறு, ஓடைகளின் தண்ணீரைச் சேர்ப்பது, தேக்குவது, பங்கிடுவது ஆகியவற்றில் அரசுக்கு இருக்கும் அதிகாரத்தை இந்தச் சட்டம் தொடவே இல்லை. அது தனியாக, மேலே நிற்கும்.

ஆக, தனியார் ஒருவர் ஓடையை மறித்தால் கீழ்க்கரைக்காரர் கேட்கலாம், அரசும் கேட்கலாம். சரி, ஒரு அரசே இன்னொரு அரசின் ஆற்றை மறிக்க நினைத்தால்? அதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம் செல்லாது. அங்கே மன்னர் சம்மதிக்க வேண்டும். அதுவும் எழுத்தில்.

நூறு வருஷக் கனவு

பெரியாற்றைத் திருப்பும் யோசனை பென்னிகுவிக்கின் சொந்த யோசனை இல்லை. தேனிக்காரர்கள் சிலருக்கே இது ஆச்சரியமாக இருக்கலாம். 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, விவரம் தெரிந்த 12 பேரை மலைக்கு அனுப்பிப் பார்த்து வரச் சொன்னார். முடியும் என்றுதான் வந்து சொன்னார்கள். பணம் இல்லை, விட்டுவிட்டார்.

1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆய்வு செய்து, இது நடக்காத காரியம் என்று ஒதுக்கினார். 1850-ல் சின்ன அளவில் வேலை தொடங்கிப் பார்த்தார்கள். காய்ச்சலில் ஆட்கள் விழ, கூலித் தகராறும் சேர, நின்றது. 1860-களில் ரைவ்ஸ் என்ற பொறியாளர் மண் அணைத் திட்டம் போட்டார். அதைத் திருத்தித் திருத்திக் காகிதத்திலேயே வருஷங்கள் போயின.

1876-78. தாது வருஷப் பஞ்சம். மாகாணம் முழுக்க லட்சக்கணக்கில் உயிர் போனது. வைகையை நம்பிய மதுரைச் சீமையும் காய்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழை அரபிக்கடலுக்குப் போகிறது, இந்தப் பக்கம் குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. பஞ்சத்துக்குப் பிறகு பழைய கோப்பு மறுபடி திறக்கப்பட்டது. அதைச் சரிபார்த்துப் புதிதாகத் திட்டம் போடும் வேலை 1882-ல் மேஜர் பென்னிகுவிக்கிடம் வந்தது. வசதியுரிமைச் சட்டம் பிறந்த அதே வருஷம்.

அவர் மண் அணையை ஓரம் வைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த கான்கிரீட், முகப்பில் கருங்கல் கட்டுமானம், தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் சுவர் என்று முடிவு செய்தார். சுர்க்கி என்பது சுட்ட செங்கல் பொடி. தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்த ஒரு சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கும். வைரவனாற்றில் சேர்ந்து, சுருளியாற்றோடு கலந்து, வைகைக்குப் போகும். 1884-ல் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

இப்போ பாக்கி இருந்தது இடம்.

1886 அக்டோபர் 29: அந்தப் பத்திரம்

பேச்சுவார்த்தை தொடங்கியது 1862-ல். முடிய 24 வருஷம் ஆனது. நடுவில் விசாகம் திருநாள் மன்னர் 1885-ல் காலமானார். அவருக்குப் பின் வந்த மூலம் திருநாள் காலத்தில்தான் கையெழுத்து ஆனது. திருவிதாங்கூர் தரப்பில் திவான் ராம ஐயங்கார். பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி சார்பில், திருவிதாங்கூர் ரெசிடென்டாக இருந்த ஹானிங்டன். ஒரு பொறியாளரின் கையெழுத்துக்கு அதில் வேலையே இல்லை.

பத்திரத்தில் என்ன இருந்தது? 155 அடி மட்டம் வரை தண்ணீர் தேங்கும் பரப்பு 8,000 ஏக்கர். அணை, சுரங்கம் போன்ற வேலைகளுக்கு இன்னும் 100 ஏக்கர். குத்தகைக் காலம் 1886 ஜனவரி 1 முதல் 999 வருஷம். முடிந்தால் இன்னொரு 999 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். வாடகை ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், மொத்தம் 40,000 ரூபாய். அந்தப் பணமும் திருவிதாங்கூரின் கைக்கு நேராகப் போகாது. மன்னர் பிரிட்டிஷாருக்குக் கட்ட வேண்டிய கப்பத்தில் கழித்துக்கொள்வார்கள்.

நிலத்தின் மீதான இறையாண்மை மன்னரிடமே இருந்தது. ஆனா அந்தப் பரப்பில் தேங்கும் தண்ணீர், மீன், வேலைக்குத் தேவையான மரம் எல்லாம் குத்தகைதாரருக்கு. பின்னாளில் தகராறு வந்தால் ஆளுக்கொரு மத்தியஸ்தர், அவர்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் ஒருவர். இந்த ஒரு வரி பிறகு ரொம்ப முக்கியமாகப் போகிறது.

ஒரு சக்கரவர்த்தியின் அரசும், அதற்குக் கப்பம் கட்டும் ஒரு மன்னரும் சமமாக உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம் என்று இதைச் சொல்ல முடியாது. கேரளத்தில் இது வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து என்ற கோபம் இன்றும் இருக்கு. அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் இந்த 999-ஐயும் 5 ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். அதே நேரம், இந்தப் பத்திரம் இல்லாமல் அணைக்கு முதல் கல்லைக்கூட வைத்திருக்க முடியாது என்பதும் உண்மை.

காட்டுக்குள் எட்டு வருஷம்

1887-ல் வேலை தொடங்கியது. யானைகளும் மலேரியாவும் இருந்த காடு. பாதை கிடையாது. சாமான்களை மலையேற்றக் கம்பிவடப் பாதை போட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கூலியாட்கள், மதராஸ் பயோனியர்ஸ் படைப்பிரிவின் வீரர்கள், கொச்சியிலிருந்து போர்த்துகீசிய வம்சாவளித் தச்சர்கள் என்று கூட்டம் கலந்திருந்தது.

அணைகட்டுவதில் பெரிய சிக்கல் சுவர் இல்லை, ஆறுதான். ஓடுகிற ஆற்றை ஒதுக்கித் தற்காலிகத் தடுப்புகள் போட்டால்தான் அடித்தளம் போட முடியும். போட்ட தடுப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். திரும்பப் போடுவார்கள். திரும்பவும் போகும். மழையில்லாத மாதங்களில் வேலை செய்யலாம் என்றால் காய்ச்சல் வந்து முகாமையே காலி செய்யும். அதிகாரபூர்வக் கணக்கில் நோயால் மட்டும் 483 பேர் இறந்தார்கள். அணைக்குப் பக்கத்திலேயே அவர்களில் பலருக்குக் கல்லறை இருக்கு. பென்னிகுவிக்கின் படத்துக்கு மாலை போடும் ஊர்களிலும் இந்த 483 பேரின் பெயர்கள் யாருக்கும் தெரியாது.

இன்னொரு பக்கம் மலையைக் குடைந்த வேலை. சுரங்கத்தின் நீளம் 5,704 அடி. அகலம் 12 அடி, உயரம் ஏழரை அடி. வெடிமருந்தும் துளைக்கருவியும் வைத்துப் பாறையை உடைத்து, மலையின் மேற்குப் பக்கத்தைக் கிழக்குப் பக்கத்தோடு இணைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் சொல்லும் அந்தக் கதை வரும். வெள்ளம் அடித்ததும் அரசு பணம் தர மறுத்துவிட்டது, பென்னிகுவிக் இங்கிலாந்துக்குப் போய்ச் சொத்தை விற்று, மனைவியின் நகையையும் விற்றுப் பணம் கொண்டுவந்து கட்டினார் என்று. பேச்சாளர்கள் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றுகிறது. ஆனா இது மதராஸ் அரசின் திட்டம். மதிப்பீடு, ஒப்புதல், செலவு எல்லாம் அரசுக் கணக்கில் நடந்தது. அங்கே வேலை பார்த்த பொறியாளர் மெக்கன்சி 1899-ல் பெரியாறு திட்டத்தின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். சொத்தை விற்ற கதைக்கு ஆதாரம் என்று இதுவரை யாரும் ஆவணத்தைக் காட்டியதில்லை. இன்னொருத்தர் குத்தகை நிலத்தில் நிற்கும் அரசு அணைக்குத் தனியாள் பணம் போட்டுக் கட்டினார் என்பது அந்தப் பத்திரத்தோடும் ஒட்டாது.

கதை பொய்யானால் மனுஷன் சின்னவர் ஆகிவிடுவாரா? இல்லை. மூன்று தலைமுறை அதிகாரிகள் முடியாது என்று மூடிய கோப்பைத் திறந்து, அந்த இடத்துக்கு ஏற்ற அணை எது என்று கண்டுபிடித்து, அதைக் கட்டியும் முடித்தார். அதுக்கே படம் மாட்டலாம்.

1895 அக்டோபர் 10-ல் ஆளுநர் வென்லாக் தேக்கடியில் தண்ணீரைத் திறந்துவிட்டார். அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு வங்கக்கடல் பக்கம் திரும்பியது.

ஒரு சின்னத் தகவல்: அன்றைய குறி கம்பம் பள்ளத்தாக்கு மட்டும் இல்லை. முக்கியமான இலக்கு கீழே மதுரை, மேலூர்ப் பக்கத்து நிலங்கள். வைகையில் பேரணை என்ற இடத்தில் தண்ணீரைப் பிரித்து வாய்க்காலில் அனுப்பினார்கள். கம்பம் அந்தத் தண்ணீர் போகும் வழியில் இருந்தது. வழியில் இருந்த பழைய தடுப்பணைகளும் வாய்க்கால்களும் நிரம்பின. இன்றைக்கு முதல் போகம், இரண்டாம் போகம் என்று இரண்டு முறை நெல் நடும் 14,707 ஏக்கரின் கதை அப்படித்தான் தொடங்கியது.

ஊருக்குத் திரும்பிய பிறகு

1895-ல் அவருக்கு சி.எஸ்.ஐ. பட்டம் கிடைத்தது. 1896-ல் இங்கிலாந்துக்குத் திரும்பி, இந்தியாவுக்குப் பொறியாளர்களைத் தயார் செய்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவரானார். பெரியாற்றைத் திருப்பியது பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு லண்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தின் டெல்ஃபோர்ட் பதக்கம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர வெள்ளத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசனை சொல்லவும் 1899-ல் போய் வந்தார். 1911 மார்ச் 9-ல் சர்ரே மாவட்டம் கேம்பர்லியில் இறந்தார். பக்கத்து ஊரான ஃப்ரிம்லியின் தேவாலய வளாகத்தில் கல்லறை இருக்கு. 2022-ல் தமிழ்நாடு அரசு கேம்பர்லியில் அவருக்குச் சிலையும் வைத்தது. லோயர்கேம்பில் மணிமண்டபம் திறந்தது 2013-ல்.

ஐந்து மகள்கள், ஒரே மகன். 1899-ல் பிறந்த அந்த மகனுக்கும் ஜான் என்றே பெயர். அவர் பொறியாளர் ஆகவில்லை, வக்கீல் ஆனார். சொத்து, குத்தகை, அறக்கட்டளை வழக்குகள் வரும் சான்சரி பிரிவில் நீதிபதியாகி, 1970-ல் அதன் துணைத் தலைமைப் பதவிக்கும் வந்தார். அப்பா கட்டிய அணையின் குத்தகைப் பத்திரத்தை, அதே 1970-ல், இங்கே இரண்டு மாநிலங்கள் உட்கார்ந்து திருத்தி எழுதிக்கொண்டிருந்தன!

தண்ணீர் எதற்கு? 1941-ல் வந்த தீர்ப்பு

அதற்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. சுரங்கத்திலிருந்து வரும் தண்ணீர் பள்ளத்தாக்குக்குப் பெரிய உயரத்திலிருந்து விழுகிறது. அதை வைத்து மின்சாரம் எடுக்கலாமே என்று மதராஸ் அரசு நினைத்தது. தண்ணீர் குறையப் போவதில்லை. டர்பைனைச் சுற்றிவிட்டு அதே தண்ணீர் வயலுக்குத்தான் போகும். யாருக்கு என்ன நஷ்டம்?

திருவிதாங்கூர் பத்திரத்தைக் காட்டியது. நாங்கள் கொடுத்தது பாசனத்துக்கு. மின்சாரம் என்பது வேறு பயன், வேறு வருமானம். அதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை என்றது. பத்திரத்தில் சொன்னபடியே இரண்டு மத்தியஸ்தர்கள் உட்கார்ந்தார்கள். 1937-ல் இருவரும் ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். விஷயம் நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போனது. 1941 மே 12-ல் அவர் திருவிதாங்கூர் பக்கம் தீர்ப்பு சொன்னார். குத்தகை பாசனத்துக்குத்தான். மின்சாரத்துக்கு உரிமை இல்லை.

ஆற்றை மறிக்கும் சட்டங்களில் இதுதான் பலருக்கும் புரியாத இடம். தடுக்க அனுமதி கிடைத்தால் அந்தத் தண்ணீரை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைப்போம். அப்படி இல்லை. எதற்கென்று வாங்கினோமோ அதற்குத்தான். வயலுக்கு என்று கேட்டு வாங்கிவிட்டு, பிறகு அதில் வேறு லாபம் பார்க்கலாம் என்றால், கொடுத்தவர் அதில் பங்கு கேட்பார்.

அப்படியே நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பேச்சு நடந்து, லோயர்கேம்பில் 35 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்களுடன் மின்நிலையம் வந்தது. 1970 மே 29-ல் கையெழுத்தான துணை ஒப்பந்தங்களில் மின்சாரத்துக்குத் தமிழ்நாடு தனியாகப் பணம் கட்டுவது என்று முடிவானது. ஏக்கர் வாடகை 5-லிருந்து 30 ரூபாய் ஆனது. மீன்பிடிக்கும் உரிமை கேரளத்துக்குத் திரும்பப் போனது. தேக்கடியில் நாம் டிக்கெட் எடுத்துப் போட்டில் போகிற ஏரி இந்தக் குத்தகை நீர்த்தேக்கம்தான்.

142 அடி வந்தது எப்படி?

1979-ல் குஜராத்தில் மச்சு அணை உடைந்தது. அதே வருஷம் முல்லைப் பெரியாறின் பாதுகாப்பு பற்றிக் கேரளத்தில் பயம் பரவியது. அணைக்குக் கீழே இடுக்கி மாவட்டத்தில் மக்கள் குடியிருக்கிறார்கள். அந்தப் பயத்தை வெறும் அரசியல் என்று தள்ளிவிட முடியாது. மத்திய நீர்வள ஆணையம் வந்து பார்த்தது. நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. அணையின் மேல் கான்கிரீட் தொப்பி, உள்ளே இரும்பு வடங்கள், பின்னால் தாங்கு சுவர் என்று தமிழ்நாடு பலப்படுத்தியது.

பிறகு வழக்கு. 2006 பிப்ரவரி 27-ல் 142 அடி வரை தேக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த சில வாரங்களிலேயே கேரளச் சட்டமன்றம் ஒரு திருத்தச் சட்டம் போட்டு, 136 அடிக்கு மேல் கூடாது என்று பூட்டியது. மறுபடி வழக்கு. 2014 மே 7-ல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லாது என்றது. நீதிமன்றம் முடித்த விஷயத்தைச் சட்டமன்றம் சட்டம் போட்டுக் கவிழ்க்க முடியாது என்பது முக்கியக் காரணம்.

அந்த வழக்கில் 1886 பத்திரமே விசாரணைக்கு வந்தது. மன்னரோடு போட்ட ஒப்பந்தங்கள் 1947-ல் சுதந்திரத்தோடு காலாவதி ஆகிவிட்டன என்பது கேரளத்தின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. இது அரசியல் உடன்படிக்கை கிடையாது, சாதாரணக் குத்தகை. அதுவும் 1970-ல் இரண்டு மாநிலங்களும் அதை ஏற்றுத்தான் திருத்தியிருக்கின்றன. அதனால் செல்லும் என்றது. 2014 நவம்பரில், 35 வருஷத்துக்குப் பிறகு, தண்ணீர் 142 அடியைத் தொட்டது. கம்பத்தில் பட்டாசு வெடித்தார்கள்.

பேபி அணையைப் பலப்படுத்திவிட்டால் 152 அடி வரை போகலாம் என்ற கதவையும் நீதிமன்றம் திறந்து வைத்திருக்கிறது. பேபி அணை என்பது பெரிய அணைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அணை. வேலைக்கு இடைஞ்சலாக அங்கே கொஞ்சம் மரங்கள் நிற்கின்றன. 1886 பத்திரப்படி குத்தகை நிலத்தில் வேலைக்குத் தேவையான மரத்தைக் குத்தகைதாரர் வெட்டிக்கொள்ளலாம். ஆனா அதற்குப் பிறகு அந்தக் காடு புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தன. இப்போ ஒரு மரம் வெட்டவும் கேரள வனத் துறை அனுமதி வேண்டும்.

2021 நவம்பரில் 15 மரங்களை வெட்ட அந்த அனுமதி கிடைத்தது. சில நாளிலேயே கேரள அரசு அதை ரத்து செய்தது.